படிக்காத கல்வெட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு

எம்.ஃபில். பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேட்டில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி ஓர் இயல் இருக்கிறது. அதை எழுதி முடிக்கும்வரை அந்தக் கல்வெட்டுகளில் ஒரு வரியைக்கூட நான் படித்திருக்கவில்லை. ஊருக்கும் போகவில்லை, அச்சில் வந்த மூலபாடத்தையும் திறக்கவில்லை. வரலாற்று நூல்களிலிருந்து செய்தியை எடுத்தேன். அவற்றின் அடிக்குறிப்பில் இருந்த கல்வெட்டு எண்ணையும் எடுத்து, நானே மூலத்தைப் பார்த்ததுபோல் என் அடிக்குறிப்பில் போட்டுக்கொண்டேன். எடுத்த நூலின் பெயரை மறைத்தேன்.

தெரியாமல் செய்ததல்ல. கல்வெட்டு, செப்பேடு, ஓலை, நாட்குறிப்பு ஆகியவை முதன்மைச் சான்று. அவற்றை ஆராய்ந்து பின்னால் ஒருவர் எழுதுவது இரண்டாம்நிலைச் சான்று. இவற்றைச் சுருக்கித் தரும் கலைக்களஞ்சியமும் பாடநூலும் மூன்றாம்நிலை. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். முதன்மைச் சான்று மிகுந்தால் ஆய்வேட்டுக்கு மதிப்புக் கூடும் என்று அறிந்தே செய்தேன். வாய்மொழித் தேர்வில் கல்வெட்டுகளை நன்றாகப் பயன்படுத்தியதாகப் பாராட்டினார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, நான் பாடம் நடத்திய கல்லூரியில் ஒரு மாணவி என் ஆய்வேட்டையும் மூலபாடத்தின் நகலையும் எடுத்து வந்தார். "சார், பராந்தகனோட பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுல வயசு 30க்கு மேல, 60க்குள்ளன்னு இருக்கு. நீங்க 35லேர்ந்து 70ன்னு எழுதியிருக்கீங்களே?"

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது குடவோலைத் தேர்தல். அதைச் சொல்லும், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் உத்திரமேரூரில் இரண்டு. மாணவி சொன்ன முதலாவது கி.பி. 919ஐச் சேர்ந்தது. உறுப்பினரின் வயது 35 முதல் 70 என்பது, 921இல் வெட்டிய பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் உள்ளது. இரண்டே ஆண்டில் சபை தன் விதியை ஏன் திருத்தியது? ஆராய வேண்டியது அதைத்தான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி அந்தக் கேள்வியே எழாதபடி செய்திருந்தேன்.

"அச்சுப்பிழைம்மா" என்றேன். தலையசைத்துக் குறித்துக்கொண்டு போனார்.

அன்றிரவுதான் மூலபாடத்தை முதன்முதலாக வாசித்தேன். பெயர் ஓலையில் ஏற, கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்கிறது கல்வெட்டு. அது பிராமணர் ஊரான ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. என் ஆய்வேடோ 'ஊர் மக்கள் அனைவரும் கூடி' என்று எழுதியிருந்தது. கைடு நோட்ஸிலிருந்து வந்த வரி அது. வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்ற விதிக்கு வந்தபோது மேலே படிக்க முடியவில்லை. எதை எங்கிருந்து எடுத்தேன் என்று கணக்குக் காட்டாதவன் நான்.

பிறர் நூலை நம்பி எழுதுவது குற்றமல்ல. ஆயிரம் கோயில் சுவர்களை ஒருவரே படித்துவிட முடியாது. அச்சிட்ட மூலபாடமே கல்லின்மேல் தாளை வைத்து எடுத்த மைப்படியிலிருந்து ஒருவர் வாசித்துத் தந்ததுதான். 'இன்னாருடைய நூல்வழி' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். தவறு எங்கே நுழைந்தது என்று பின்னால் வருபவர் தேடிப் பிடித்திருப்பார். அந்த வழியை நான் அடைத்தேன்.

மறுவாரமே மாணவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய ஆய்வேடு பைண்டு செய்து வந்தபோது புரட்டினேன். ஓர் அடிக்குறிப்பில், என் பக்க எண்ணைக் கொடுத்து, வயது வரம்பு அச்சுப்பிழை என ஆசிரியரே நேரில் தெரிவித்ததாக எழுதியிருந்தார். எடுத்த இடத்தை அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். நேர்காணல் முதன்மைச் சான்று என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். இன்று ஒரு நூலக அலமாரியில் என் பொய் முதன்மைச் சான்றாக இருக்கிறது.

அது அச்சுப்பிழை அல்ல. நான் படிக்கவில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு படியை அவருக்கு அனுப்புகிறேன்.