தூண் நிழல் விழாத அரங்கம்

'அரங்கேற்றம்' என்றதும் இன்று நம் கண்முன் எழும் காட்சி ஒன்றே. பட்டுடுத்தி, தலைச்சாமான் சூடி, காலில் சலங்கை கட்டி, முதன்முறையாகத் தனித்து மேடையேறும் ஓர் இளம்பெண்ணின் காட்சி அது. ஆனால் தமிழில் இச்சொல்லின் பரப்பு இன்னும் பெரிது. ஆடல் மட்டுமன்று, நூலும் அரங்கேறியது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்டுத் தெளிய, தொல்காப்பியம் அரங்கேறிற்று என்று அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. எனவே அரங்கேறுதல் என்பது தன்னைக் காட்டிக்கொள்வதன்று. தான் கற்றதை அறிந்தோர் முன் வைத்து, அவர்தம் தீர்ப்புக்குத் தலைவணங்குவதாகும். நம் கத்தோலிக்க வழக்கில் 'ஒப்புக்கொடுத்தல்' என்றோர் அரிய சொல் உண்டு. அரங்கேற்றத்தின் உட்பொருளை அச்சொல்லே நமக்கு நன்கு உணர்த்துகிறது.

தமிழில் அரங்கேற்றத்திற்கென்று ஒரு காதையையே வகுத்தவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் மூன்றாவது காதை அது. மாதவி ஐந்து வயதில் கற்கத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடினாள். ஆனால் அக்காதையைப் படிப்போர் ஒரு செய்தியைக் கண்டு வியப்பர். ஆடும் பெண்ணைப் பற்றிச் சில அடிகளில் கூறிவிட்டு, அடிகளார் நெடுநேரம் பிறரைப் பற்றியே பேசுகிறார். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் தகுதியையும் வரிசையாக எடுத்துரைக்கிறார். அதன்பின் அரங்கின் அளவு வருகிறது. இருபத்து நான்கு விரல் அளவுடைய கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டதாக அது எழுகிறது. இத்தனைக்கும் பிறகே மாதவி வலக்காலை முன்வைத்து அரங்கில் ஏறுகிறாள். தனி ஆடல் என்று நாம் சொல்வது உண்மையில் பலர் கூடித் தாங்கும் ஒன்று என்பதை அடிகளார் இவ்வமைப்பினாலேயே கூறிவிடுகிறார்.

அவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. அரங்கின் தூண்களுடைய நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை அமைத்தார்கள் என்பது அக்குறிப்பு. தூண் இல்லையேல் அரங்கு இல்லை. ஆனால் தாங்குகின்ற தூணே ஆடுபவள்மீது நிழலாக விழுந்துவிடக் கூடாது. இக்குறிப்பை நாம் பலமுறை படித்திருந்தும், அதன் பொருள் நம் பங்கின் ஒரு குடும்பத்தின் வழியாகவே நமக்குத் தெளிவாயிற்று.

நாம் பணியாற்றிய பங்கு திண்டுக்கல் நகரை அடுத்த சமவெளியில் உள்ளது. மலைக்கோட்டைப் பாறை தொலைவில் தெரியும். பூட்டுக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற இவ்வூரில், தோல் பதனிடும் தொழிலகம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவரின் மகள், ஒன்பது ஆண்டுகள் நகரத்திற்குச் சென்று பரதம் பயின்றாள். பேருந்துக் கட்டணத்திற்கே கணக்குப் பார்க்கும் வீடு அது. 2019ஆம் ஆண்டு தவக்காலத்தின்போது அவளுடைய தாயார் நம்மிடம் வந்து, "சாமி, பிள்ளைக்கு அரங்கேற்றம் வைக்கணும்னு டீச்சர் சொல்றாங்க. வைக்கலாமா, கூடாதா, நீங்கதான் சொல்லணும்" என்றார். அக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று பணத்தைப் பற்றியது. மற்றது நம்பிக்கையைப் பற்றியது.

அரங்கேற்றம் எளிய காரியமன்று. அலாரிப்பில் தொடங்கி, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என வளர்ந்து, தில்லானாவில் நிறைவுறும் வரிசையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறப்புகள். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக ஒரே பெண் அரைமண்டியில் நின்று, அடவையும் அபிநயத்தையும் காட்டியாக வேண்டும். வர்ணம் மட்டுமே அரைமணி நேரத்தைக் கடக்கும். இவ்வுழைப்பு மாணவிக்குரியது. இதற்கு வெளியே பெற்றோருக்குரிய சுமை வேறு: மண்டப வாடகை, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் ஆகியவற்றுக்கான சன்மானம், ஆடை அணிகள், ஒப்பனை, அழைப்பிதழ், விருந்து, படப்பிடிப்பு. அக்குடும்பத்தின் உறவினரோ குளிரூட்டப்பட்ட மண்டபமும், சாலையெங்கும் தந்தையின் படம் தாங்கிய பதாகைகளும் வேண்டும் என்றனர். தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடையை நோக்கிப் புறப்பட ஆயத்தமாயிருந்தது.

இரண்டாம் கேள்வி பங்கு மக்களிடமிருந்து வந்தது. கிறிஸ்தவப் பெண் இவ்வாட்டத்தை ஆடலாமா? முருகனைப் பாடும் வர்ணத்திற்கு அபிநயம் பிடிக்கலாமா? மண்ணைத் தொட்டு வணங்கலாமா? கேட்டவர்கள் தீயவரல்லர்; தம் விசுவாசத்தைக் காக்க விரும்பியவர்களே.

அவர்களோடு நாம் அமர்ந்து விவிலியத்தைத் திறந்தோம். அதில் இரண்டு நடனங்கள் எதிரெதிரே நிற்கின்றன. உடன்படிக்கைப் பேழையின் முன் தாவீது தன் முழு வலிமையோடு ஆடினார். அரச மாண்பை மறந்த அவ்வாட்டத்தைப் பலகணி வழியே பார்த்த மீக்கால் இகழ்ந்தாள். தாவீதோ, தான் ஆண்டவர் முன் ஆடியதாகவே மறுமொழி தந்தார். மற்றது ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் நிகழ்ந்தது. அங்கு ஆடிய சிறுமிக்கு அரசன் எதையும் தருவதாக ஆணையிட்டான். அவளோ என்ன கேட்பதென்று தன் தாயிடம் ஓடிச்சென்று வினவினாள். தாயின் வன்மம் மகளின் வாயால் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டது. அந்நடனத்தில் குற்றம் காலடியில் இல்லை. பெரியவர்களின் ஆசை ஒரு சிறுமியின் மீது நிழலாக விழுந்ததில் இருக்கிறது. ஆடல் புனிதமா பாவமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, யாருக்காக, யாருடைய விருப்பத்தைச் சுமந்து ஆடுகிறாள் என்று கேட்பதே விவிலியம் நமக்குக் காட்டும் வழி.

திருச்சபையும் இதில் இருளில் விடவில்லை. 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு, திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்று தெளிவுபடுத்திற்று. 1965ஆம் ஆண்டின் பிற சமயங்களைப் பற்றிய ஏடு, அவற்றில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. 1977இல் திருச்சியில் அருட்பணியாளர் எஸ்.எம். ஜார்ஜ் 'கலைக் காவிரி'யை நிறுவியபோது, நம் திண்டுக்கல் பகுதி திருச்சி மறைமாவட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. 2003இல்தான் தனி மறைமாவட்டமாயிற்று. ஆகவே ஆடலும் பாடலும் நற்செய்திக்குத் தொண்டு செய்யும் என்னும் எண்ணம் நமக்கு வெளியூர்ச் சரக்கன்று. பிரான்சிஸ் பார்போசா பரோடாவில் பரதம் பயின்று, கிறிஸ்தவ மறைபொருள்களுக்கென்றே கைமுத்திரைகளை உருவாக்கினார். இயேசு சபைக் குருவான சாஜு ஜார்ஜ் கலாக்ஷேத்திராவில் பயின்றவர்.

மாணவியின் ஆசிரியை இந்து சமயத்தவர். வர்ணம் தம் குரு தமக்குத் தந்தது, அதை மாற்ற இயலாது என்று பணிவோடும் உறுதியோடும் கூறினார். நாமும் மாற்றக் கேட்கவில்லை. பிறர் வீட்டில் உண்டு வளர்ந்தவர், விடைபெறும் நாளில் அவ்வீட்டுச் சோற்றைப் பழிப்பது முறையாகுமா? கற்றுத் தந்தவரின் மரபை மதிப்பது விசுவாச மறுப்பன்று. ஆசிரியை தாமாகவே இன்னொன்றும் சொன்னார்: பதத்திற்குரிய இடத்தில் யாக்கோபின் கிணற்றருகே வந்த சமாரியப் பெண்ணை ஆடலாம் என்றார். மண்ணைத் தொட்டு வணங்குவதன் பொருளையும் அவரே விளக்கினார். காலால் மிதிக்கப்போகும் நிலத்திடம் முன்கூட்டிப் பொறுத்தருளக் கேட்பதே அது. சாம்பல் புதனன்று நாம் மண் என்று நினைவூட்டப் பெறுகிறவர்களுக்கு இவ்வணக்கம் அந்நியமாய்த் தோன்ற வேண்டியதில்லை.

பணத்தின் கேள்விக்கு விடையளித்தது எங்கள் ஊர் பாஸ்கா மேடை. உயிர்ப்புக் காலத்தில் ஆண்டவரின் பாடுகளை நடிப்பதற்காக ஆலய வளாகத்தில் எழுப்பிய மேடை இன்னும் பிரிக்கப்படாதிருந்தது. மண்டபம் வேண்டாம், இதுவே போதும் என்று முதலில் கூறியவள் மாணவிதான். ஆசிரியை வந்து பலகைகளைக் காலால் தட்டிப் பார்த்தார். ஆட்டங்கண்ட பலகைகளை ஊர்த் தச்சர்கள் கூலியின்றிச் சீர்செய்தனர். விளக்குகளைப் பொருத்தியபோது மேடையின் முன்கம்பங்களின் நிழல் நட்ட நடுவில் விழுந்தது. ஆசிரியை அவற்றை இடம் மாற்றச் சொன்னார். பதாகைகளைக் கட்டினால் வெளிச்சம் மறையும் என்பதால் அவையும் தவிர்க்கப்பட்டன. தாயின் சங்கிலி கழுத்திலேயே தங்கிற்று. இளங்கோவடிகளின் அரங்கு அன்று நம் கண்முன்னே எழுந்து நின்றது.

இங்கே இன்னொரு நிழலையும் நாம் மறைத்தலாகாது. இக்கலையை நூற்றாண்டுகளாகக் காத்த குலத்துப் பெண்களின் கதை அது. அவர்கள் வழிவந்த பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பின்னாளில் பல மேடைகளில் அவருடைய தாயார் ஜெயம்மாள் அமர்ந்து பாட, மகள் ஆடினார். 1935இல், முப்பது வயது கடந்த ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று அடையாற்றில் ஆடினார். மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்களுக்கு அம்மேடை திறந்தது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடுத்தது. ஒரு பெருங்கொடுமை முடிவுற்றது. அதில் நாம் மகிழ்கிறோம். ஆயினும் அக்குலத்துப் பெண்கள் பலர் இழிவுக்கு அஞ்சிச் சலங்கையைக் கழற்றிய அதே காலத்தில், பிறர் அதைப் பெருமையோடு அணிந்தனர். மேடையேறும் ஒவ்வொரு பெண்ணும், இறக்கிவிடப்பட்டவர்களுக்குக் கடன்பட்டவள்.

இவ்வுண்மை ஊரார் சிலரைச் சிந்திக்க வைத்தது. சலங்கைக்கு ஆலய மேடை தருகிறோமே, நம் பறைக்கு எங்கே இடம் தந்திருக்கிறோம் என்று ஒரு முதியவர் கேட்டார். சாவு வீட்டிலும் தெருமுனையிலும் மட்டுமே ஒலிக்கலாம் என நாம் ஒதுக்கி வைத்த கருவி அது. அவ்வாண்டு மே மாதத்தில் அரங்கேற்ற மாலை வந்தபோது, அதே மேடையில் பறையிசை இளைஞர்கள் முதலில் முழக்கினர். அதன்பின் மாணவி சிலுவை அடையாளம் வரைந்து, ஆசிரியையின் கையால் சலங்கை பெற்று, மண்ணைத் தொட்டு வணங்கி ஆடத் தொடங்கினாள். சமாரியப் பெண்ணாக அவள் இடுப்பில் குடமேந்தி நடந்தபோது பெண்கள் பகுதியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோடைதோறும் குழாயடியில் காத்திருக்கும் இச்சமவெளிப் பெண்களின் நடை அது. அதை அவள் வகுப்பில் கற்கவில்லை, தாயிடம் கற்றிருந்தாள்.

அரங்கேறிய பின் என்ன என்பதே கடினமான கேள்வி. மாதவி தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். உடனே அதே விலை சொல்லி அவளுடைய மாலையை ஒரு கூனி தெருவில் விற்க நின்றாள், கோவலன் வாங்கினான். ஒப்புக்கொடுத்தலாகத் தொடங்கியது விலைபேசுதலாக முடிந்தது. அத்துயரை அறிந்த மாதவி, தன் மகள் மணிமேகலையை அவ்வழியில் விடவில்லை. இன்று விலை வேறு வடிவில் வருகிறது. கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரியாகவும், திருமணப் பேச்சில் ஒரு பெருமையாகவும் அரங்கேற்றம் சுருங்கிவிடுகிறது. மறுமாதமே சலங்கை பெட்டிக்குள் போகிறது.

குருக்களாகிய நாங்களும் ஒருவகையில் அரங்கேறியவர்களே. எங்கள் முதல் திருப்பலிக்கு ஊரே திரண்டது, மாலைகள் குவிந்தன. ஆனால் மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் ஆறு பேர் முன்னிலையில் நிறைவேற்றும் திருப்பலியே, அம்முதல் நாள் மெய்யா என்பதைச் சொல்லும். கலைக்கும் அதுவே அளவுகோல். நம் மாணவி இப்போது வேலைக்குச் செல்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் பள்ளித் தாழ்வாரத்தில் சில சிறுமியருக்குத் தட்டடவு சொல்லித் தருகிறாள். அங்கே விளக்கும் இல்லை, விருந்தும் இல்லை.

பிள்ளைகளை மேடையேற்றும் பெற்றோரே, ஆசிரியரே, பங்கு மக்களே! அவர்களுக்குத் தூண்களாய் நிற்போம். நம் நிறைவேறாத ஆசைகளும், உறவினர் முன் நாம் காட்ட விரும்பும் பெருமையும், நம் அச்சங்களும் அவர்கள் ஆடும் இடத்தில் விழாதவாறு விளக்கை ஏற்றி வைப்போம். அவ்வொளியில் அவர்கள் தங்களையே இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கட்டும்.