'இதர' என்றொரு பெட்டி

சென்னையில் வாடகை வீடு மாற்ற மூன்று பேருடைய சம்மதம் வேண்டும். பழைய ஓனர், புது ஓனர், பஞ்சாங்கம். முதல் இரண்டு பேரையாவது பேசிச் சரிக்கட்டிவிடலாம்.

"வைகாசியை விட்டா ஆனி, ஆடி ரெண்டும் ஆகாது. அப்புறம் ஆவணிதான்டா" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆக, மண்டையைப் பிளக்கும் கத்திரி வெயிலில் திருவல்லிக்கேணியிலிருந்து குரோம்பேட்டைக்குக் கிளம்பினோம்.

பழைய ஓனர் சுவரிலிருந்த ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். புது ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று அதற்கு ஒரு வால் உண்டு. சென்னை ஓனர்கள் அத்தனை பேரும் அந்தப் 'பட்சத்தில்'தான் குடியிருக்கிறார்கள்.

போகட்டும். நான் சொல்ல வந்தது என் லிஸ்டைப் பற்றி.

ஆபீஸில் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்க்கிறவன் நான். வீட்டுச் சாமான் எம்மாத்திரம்? அண்ணாச்சி கடையில் சோப்பு, பிஸ்கெட் வந்த அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்தேன். கம்ப்யூட்டரில் லிஸ்ட் அடித்தேன். பெட்டிக்கு ஒரு நம்பர், சாமானுக்கு எதிரே ஒரு கட்டம், ஏற்றியதும் டிக். முதல் பெட்டியின் மேல் 'சமையல்-1, துவரம்பருப்பு டப்பா, கடுகு, வெந்தயம்' என்று முத்துமுத்தாக எழுதினேன். ஏழாவது பெட்டியில் 'சமையல்' மட்டும்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே தள்ளி, மேலே 'இதர' என்று எழுத ஆரம்பித்தேன். விடிந்து எண்ணிப் பார்த்தால் மொத்தம் 23 பெட்டி. அதில் 9 'இதர'.

அம்மா அப்பாவோடு டிரான்ஸ்ஃபரில் பதினோரு வீடு பார்த்தவள். அவளுக்கு லிஸ்ட் கிடையாது. ஒரு மஞ்சப்பைதான். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்:

"ஃப்ரிட்ஜிலேர்ந்து என் ஊசி மருந்தை எடுத்துட்டியாடா?"

லிஸ்டைப் பார்த்தேன். 'அம்மா இன்சுலின்' என்பதற்கு எதிரே டிக். என் பேனாதான். "எல்லாம் லிஸ்ட்ல இருக்கும்மா" என்றேன். பதினோரு வீடு பார்த்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

குட்டியானை இரண்டு நடை அடித்தது. அதன் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். இரண்டாவது நடை வந்து சேர்ந்து சாமான் இறக்கும்போது ராத்திரி எட்டரை. மனைவி ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிளறினாள். அம்மா சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிக் போட்ட மகானுபாவன் எந்தப் பெட்டியில் வைத்தேன் என்று எழுதவில்லை.

ஒன்பது 'இதர'வையும் பிரித்தேன். மூன்றாவது பெட்டியில் என் செருப்பும், கல்யாண ஆல்பமும், தேங்காய்த் துருவியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மருந்தைக் காணோம்.

"பரவாயில்லடா, ஒரு நாள்தானே" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போதே அவள் குரலில் களைப்பு தெரிந்தது. காலையிலிருந்து அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தவள். எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பைத் தேடினேன். புது ஏரியா, எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முட்டுச் சந்து. கடைசியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஒரு கடை கிடைத்தது.

"இன்சுலின் வேணும் சார்."

"எந்த இன்சுலின்? நாற்பதா, நூறா?"

முழித்தேன். "ஏதோ ஒண்ணு குடுங்க சார், அவசரம்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதோ ஒண்ணா? நாற்பது யூனிட் மருந்துக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். அதுல நூறு யூனிட் மருந்தை ஏத்தினா ரெண்டரை மடங்கு உள்ள போகும். உங்கம்மா தாங்குவாங்களா? போய் சீட்டை எடுத்துட்டு வாங்க. கடையைத் திறந்து வைக்கிறேன்."

எட்டு வருஷமாக அம்மா தினம் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறாள். எந்தக் கலர் மூடி என்று நான் பார்த்ததே இல்லை.

சீட்டு எந்த 'இதர'வில் இருக்கிறதோ என்று பதறிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா பேசாமல் மஞ்சப்பையைத் திறந்தாள். டாக்டர் சீட்டு, சிரிஞ்ச் கட்டு (சிவப்பு மூடி), ரேஷன் கார்டு, கேஸ் புக், டார்ச், ஸ்க்ரூ டிரைவர், மாற்றுச் சாவி. "மருந்து ஒண்ணுதான் ஃப்ரிட்ஜுல இருக்கணுமேன்னு பையில வைக்கல" என்றாள், ஏதோ தன் மேல் தப்பு மாதிரி.

மருந்து வாங்கி வந்து, அவள் ஊசி போட்டு, அரை மணி கழித்து ஆறிப்போன உப்புமாவைச் சாப்பிட்டு முடித்தபோது பத்தரை மணி. எனக்குப் பசியே இல்லை.

மூன்று நாள் கழித்து ஆபீஸ் போகிற வழியில் பெட்ரோல் பங்கில் நின்றேன். என் ஸ்கூட்டருக்கு சீட்டைத் தூக்கினால்தான் டேங்க்.

"சார், இந்த டப்பாவைக் கொஞ்சம் எடுங்க" என்றார் பங்க் ஆள்.

சின்ன எவர்சில்வர் டப்பா. வீடு மாற்றிய அன்று விடியற்காலையில், பெட்டியில் போட்டால் தொலைந்துவிடும் என்று நானே பத்திரமாக சீட்டுக்கு அடியில் வைத்து, டிக்கும் போட்டிருக்கிறேன். அன்று ராத்திரி அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் குரோம்பேட்டை முழுக்க இன்சுலின் தேடியிருக்கிறேன். மூன்று நாள் வெயிலில் வெந்துபோன மருந்து இனி எதற்கு ஆகும்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாயங்காலம் டப்பாவைக் கழுவி ஷெல்ஃபில் வைத்தேன்.

அம்மா கண்ணில் பட்டுவிட்டது. "இது எங்கடா கிடைச்சுது?"

"இதரவுல இருந்ததும்மா" என்றேன்.