நன்னீரின் அடியில் கப்பல்கள்

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளை நிலப்படத்தில் மட்டும் பார்த்த மாணவர், கரை சூழ்ந்த நீர்நிலையில் பெரிய கப்பல் எப்படி மூழ்கும் என்று வியப்பது இயல்பே. ஆனால் அவற்றுள் பெரியதான சுப்பீரியர் ஏரியின் பரப்பு மட்டுமே ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். அதன் மிக ஆழமான இடம் 406 மீட்டர். நீர்ப்பரப்பின் மீது காற்று தடையின்றி வீசும் தொலைவு கூடக்கூட அலையும் உயரும் என்பதால் இந்த ஏரிகளில் கடலுக்கு நிகரான அலைகள் எழுகின்றன. அவை கடலலைகளைவிடச் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வருவதால், ஓர் அலையின் நீர் தளத்திலிருந்து வடிவதற்குள் அடுத்தது ஏறிவிடுகிறது. கோடையில் வாங்கிய வெப்பத்தை ஏரி இன்னும் முழுதாக விடாதிருக்கும் நவம்பரில் வடக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று இறங்கும்போது புயல்கள் வலுப்பெறுகின்றன. 1913 நவம்பரில் வந்த ஒரே புயலில் 12 கப்பல்கள் மூழ்கி, 250 பேருக்கு மேல் மாண்டனர்.

மூழ்கியவை அழியாமல் கிடப்பதே இந்த ஏரிகளின் தனிச்சிறப்பு. கடலில் மூழ்கிய மரக்கலத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு உப்புநீரில்தான் வாழும், நன்னீரில் வாழாது. மேலும், நீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்ந்து கீழே தங்கிவிடுவதால், அந்தக் குளிரில் பொருளை அழுகச் செய்யும் நுண்ணுயிரிகளின் வேலையும் மெதுவாகவே நடக்கிறது. 1912இல் கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிக்கொண்டு மிச்சிகன் ஏரியில் மறைந்த ரவுஸ் சிம்மன்ஸ் என்னும் பாய்க்கப்பல் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் கிடங்கில் அம்மரங்கள் இன்னும் இருந்தன.

இதைவிட வியப்பானவை ஒண்டாரியோ ஏரியில் கிடக்கும் ஹாமில்டன், ஸ்கர்ஜ் என்னும் இரு ஸ்கூனர்கள், அதாவது சிறு பாய்க்கப்பல்கள். வணிகத்துக்காகக் கட்டப்பட்ட இவற்றின் தளத்தில், பிரிட்டனுடன் நடந்த போருக்காக அமெரிக்கக் கடற்படை கனத்த பீரங்கிகளை ஏற்றியது. மேற்பகுதி கனத்துப்போன கப்பல், சாய்ந்தால் நிமிர்வது கடினம். 1813 ஆகஸ்ட் 8 அன்று விடியுமுன் திடீரென வீசிய சூறைக்காற்றில் இரண்டும் கவிழ்ந்து, 50 பேருக்கு மேல் இறந்தனர். ஒலியலைகளை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு நீரடித் தரையைப் படமாக்கும் சோனார் கருவி 1973இல் இவற்றைக் காட்டியது. ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் இரண்டும் நிமிர்ந்தே நின்றன. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், செதுக்கிய சிற்பங்கள்கூடச் சிதையவில்லை. அண்மைக் காலத்தில், அயல்நாட்டுக் கப்பல்கள் நிலையாக மிதக்க அடியில் ஏற்றிவந்த நீரோடு வந்து சேர்ந்த குவாகா மட்டிகள் இவற்றின் மீது அடை அடையாக ஒட்டிக்கொண்டு வடிவத்தையே மறைத்து வருகின்றன. 200 ஆண்டுகளாக நீர் செய்யாத கேட்டை மனிதரின் கவனக்குறைவு செய்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இவ்விரு கப்பல்களின் முடிவு உலகுக்குத் தெரிந்ததற்குச் சிதைவுகள் காரணமல்ல. ஸ்கர்ஜிலிருந்து தப்பிய நெட் மயர்ஸ் என்னும் மாலுமி பல ஆண்டுகளுக்குப் பின் சொன்னதை ஃபெனிமோர் கூப்பர் என்னும் எழுத்தாளர் 1843இல் நூலாக்கினார். அப்படிச் சொல்ல ஒருவரும் மிஞ்சாதபோது, கண்டெடுத்த கப்பலும் வாய் திறப்பதில்லை; எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் கதை அத்தகையது.

222 மீட்டர் நீளமுள்ள இந்தச் சரக்குக் கப்பல், 1958இல் நீரில் இறக்கப்பட்டபோது அந்த ஏரிகளிலேயே மிகப் பெரியது. டாக்கனைட் எனப்படும் தரம் குறைந்த இரும்புத்தாதுவைப் பொடித்துச் செறிவாக்கி உருட்டிய உருண்டைகளை 26,000 டன் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, 1975 நவம்பர் 9 அன்று விஸ்கான்சினிலிருந்து அது புறப்பட்டது. மறுநாள் புயலில் ரேடார்கள் செயலிழக்க, பின்னால் வந்த ஆர்தர் ஆண்டர்சன் கப்பல் வானொலியில் வழிகாட்டிற்று. மாலை 7 மணிக்குச் சற்றுப் பின், நிலைமையைச் சமாளித்து வருவதாகக் கப்பல் தலைவர் எர்னஸ்ட் மெக்சார்லி சொன்னதே கடைசிச் செய்தி. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஓர் உடலும் மீட்கப்படவில்லை. சில நாட்களிலேயே இடம் தெரிந்தது. 1976இல் ஆளில்லாக் கருவி ஏறத்தாழ 160 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் படமெடுத்தது. இரண்டாக முறிந்த கப்பலின் முன்பகுதி நிமிர்ந்தும் பின்பகுதி தலைகீழாகவும் கிடந்தன.

காரணத்தில்தான் உடன்பாடு இல்லை. கிடங்கின் வாய்களை மூடும் இரும்பு மூடிகளின் வழியே சிறிது சிறிதாக நீர் புகுந்தது என்றது அமெரிக்கக் கடலோரக் காவல் படை. காரிபூ தீவை அடுத்த ஆழமற்ற பாறைத்திட்டில் கப்பலின் அடி உரசியிருக்கும் என்று கப்பல் உரிமையாளர்களின் சங்கம் மறுத்தது. மூடியைச் சரிவர இறுக்குவதும் பராமரிப்பதும் கப்பலை நடத்துவோரின் பொறுப்பு, நீரடிப் பாறையோ எவர் பொறுப்பும் அல்ல என்பதால், இவ்வாதத்தில் அறிவியலோடு வேறு அக்கறைகளும் கலந்திருந்தன என்று கருத இடமுண்டு. இவ்வாதம் தீரட்டும் என்று விதிகள் காத்திருக்கவில்லை: ஆழம் அளக்கும் கருவியும், குளிர்நீரில் உயிர் காக்கும் உடையும் கட்டாயமாயின, கிடங்கு மூடிகளைச் சோதிப்பதும் இறுக்கமாயிற்று. அதன்பின் இந்த ஏரிகளில் பெரிய சரக்குக் கப்பல் எதுவும் மூழ்கவில்லை.