அல்லது அதற்கு நிகரானது

கிழக்கு இந்தியாவில் ஒரு பொதுத்துறை உருக்காலையின் கொள்முதல் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. எண்ணெயும் கிரீஸும் வாங்குவது என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது உத்தியோகத்தை விசாரித்து, நான் இந்தப் பதிலைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. நிலக்கரி வாங்குகிறவருக்கும் இயந்திரம் வாங்குகிறவருக்கும் இருக்கும் மவுசு மசகு வாங்குகிறவனுக்குக் கிடையாது. ஆலையின் மொத்தச் செலவில் அது சிறு துளி. அந்தத் துளி வற்றினால் உருளை நிற்கும், உருளை நின்றால் ஆலை நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் யாரும் கொள்முதல் கோப்பைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அரசு டெண்டர்களோடு பழகியவர்களுக்கு மூன்று சொற்கள் மனப்பாடம்: 'அல்லது அதற்கு நிகரானது'. ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி இதைத்தான் வாங்குவேன் என்று அரசு நிறுவனம் கேட்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். அது இல்லாவிட்டால், முதலில் உள்ளே நுழைந்த சப்ளையர் பரம்பரைப் பாத்தியதை கொண்டாடிவிடுவார். எனவே பொருளின் குணங்களை எழுதுகிறோம், நிகரானது எதுவானாலும் சரி என்கிறோம், வந்தவற்றில் மிகக் குறைந்த விலையை எடுத்துக்கொள்கிறோம். எல்-1 என்று இதற்குப் பெயர். எல்-1ஐ எடுத்தவனை ஆடிட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்-2ஐ எடுத்தவன் ஓய்வு பெற்ற பிறகும் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரலாம்.

சிக்கல் 'நிகர்' என்ற சொல்லில் இருக்கிறது. கியர் எண்ணெய்ப் பீப்பாயில் வி.ஜி. 320 என்று அச்சிட்டிருக்கும். 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஓடும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அதிலும் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 288 ஆனாலும் 352 ஆனாலும் அது 320தான். தண்ணீர் கலந்தால் பிரியுமா, நுரைக்குமா, பல்லோடு பல் அழுந்தும்போது தாங்குமா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. கிரீஸில் எழுதியிருக்கும் 'இரண்டாம் எண்'ணும் அப்படித்தான். ஒரு கூம்பை அதன் மேல் விட்டால் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்ற கணக்கு அது. வெண்ணெயும் விளக்கெண்ணெய்க் களிம்பும் ஒரே அளவு கெட்டியாக இருக்கலாம். அதற்காக இரண்டையும் தோசைக்கு ஊற்ற முடியுமா?

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். உருகிய எஃகைப் பாளமாக வார்க்கும் பகுதியில் வரிசை வரிசையாக உருளைகள் இருக்கும். மேலே செந்தழல், பக்கத்திலேயே பீய்ச்சும் தண்ணீர். அந்த உருளைகளின் பேரிங்குகளுக்கு ஓரிடத்திலிருந்து நீண்ட குழாய்கள் வழியாக கிரீஸ் போகும். பல ஆண்டுகளாக பாலியூரியா வகை கிரீஸ் போய்க்கொண்டிருந்தது. 2005ல் டெண்டர் போட்டார்கள். புதிய சப்ளையர் லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகையைக் கொடுத்தார். கிலோவுக்கு 140 ரூபாயாக இருந்தது 128 ஆனது. கெட்டித்தன்மை சரி, உருகி வடியும் வெப்பநிலை சரி, ஆய்வுக்கூடச் சான்றிதழ் சரி. பராமரிப்புப் பிரிவின் இளம் பொறியாளர் ஒருவர் ஆட்சேபம் எழுதியிருந்தார். அதன் கீழேயே 'நிகரானது' என்று முடிவும் எழுதியாகிவிட்டது. நான் அந்த இருக்கைக்கு மாற்றலாகி வந்தபோது கொள்முதல் ஆணை போய் ஒரு மாதமாகியிருந்தது.

புதிய கிரீஸ் மட்டமானதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுத்தமான பேரிங்கில் தனியாகப் போட்டிருந்தால் ஒழுங்காக உழைத்திருக்கும். ஆனால் குழாய்கள் நிறைய பழைய கிரீஸ். கிரீஸ் என்பது, பஞ்சு தண்ணீரைப் பிடித்திருப்பதுபோல ஒரு கெட்டிப்பொருள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு. ஒத்துவராத இரண்டு கெட்டிப்பொருள்கள் கலந்தால் பிடி தளர்ந்துவிடும். அதுதான் நடந்தது. அங்கிருந்த மூத்த ஃபிட்டர், ஒடியாக்காரர், பேரிங் ஓரத்திலிருந்து விரலால் வழித்து எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துக் காட்டினார். "சாப், இது கிரீஸ் இல்லை, பாயசம்" என்றார். ஆய்வுக்கூட அறிக்கை இரண்டு வாரம் கழித்து அதையே நாலு பக்கத்தில் சொன்னது.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 20 டன் தேவை. கிலோவுக்கு 12 ரூபாய் மிச்சம். ஆக 2,40,000 ரூபாய் சேமிப்பு. அந்த ஆண்டு கொள்முதல் பிரிவின் சாதனைப் பட்டியலில் இது இடம்பெற்றது. ஒழுகிப்போனதை ஈடுகட்டக் கூடுதலாக கிரீஸ் ஏற்றவேண்டியிருந்ததால், ஓராண்டுக்கான 20 டன் எட்டே மாதத்தில் தீர்ந்தது. அந்த வேகத்தில் ஆண்டுக்கு 30 டன். 128 ரூபாய் வீதம் 38,40,000. பழைய விலையில் பழைய அளவு வாங்கியிருந்தால் 28,00,000. மாற்றிய பேரிங்குகள் பராமரிப்புப் பிரிவின் கணக்கில் ஏறின. வார்ப்பு நின்ற மணி நேரங்கள் உற்பத்திப் பிரிவின் கணக்கில். சேமிப்பு மட்டும் எங்கள் கணக்கில்! பிரிட்டனில் 1966ல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுத் தொழில்துறைக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்ட் மிச்சமாகும் என்று அறிக்கை கொடுத்தது. அந்தப் பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு அந்த எட்டு மாதத்தில் விளங்கியது.

அடுத்த டெண்டரை நான் எழுதினேன். குழாயில் இருக்கும் கிரீஸோடு ஒத்துப்போகும் என்பதற்குக் கலப்புச் சோதனை அறிக்கை வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பழையதை முழுதும் வெளியேற்றும் செலவு சப்ளையருடையது. தண்ணீர் அடித்தால் எவ்வளவு கரைந்துபோகும் என்ற சோதனை. நான்கு குண்டுச் சோதனை: மூன்று எஃகுக் குண்டுகளின் மேல் நாலாவதை அழுத்திச் சுழற்றி, எந்தப் பளுவில் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன என்று பார்ப்பது. வரும் சரக்கிலிருந்து மூன்று மாதிரிகள் எடுத்து முத்திரையிட வேண்டும். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று, தகராறு வந்தால் வெளி ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று. இந்த மூன்றாவது புட்டியைப் பார்த்துத்தான் பலருக்குக் கோபம். டெண்டருக்கு வரும் மாதிரி ஒரு ஜாதி, பீப்பாயில் வரும் சரக்கு வேறு ஜாதி என்பது இந்தத் தொழிலில் தெரியாத சங்கதியல்ல. காலிப் பீப்பாய்களை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்றும் சேர்த்தேன். பெயர் பெற்ற கம்பெனியின் காலிப் பீப்பாய்க்குப் போலிச் சரக்குக்காரர்களிடம் தனி மதிப்பு உண்டு. உடன் பணிபுரிந்தவர்கள், 'பத்து ரூபாய்க் களிம்புக்கு இத்தனை நிபந்தனையா?' என்று சிரித்தார்கள்.

செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜையன்று அந்தப் பக்கத்து ஆலைகளில் இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். சப்ளையர்களின் இனிப்புப் பெட்டிகளும் வரும். அந்த ஆண்டு என் மேஜைக்கு ஒன்றும் வரவில்லை. வந்தது கையெழுத்தில்லாத ஒரு புகார், விஜிலன்ஸ் பிரிவுக்கு. போட்டியைக் குறைக்கும் வகையில் நிபந்தனை போட்டு யாருக்கோ சாதகம் செய்கிறேன் என்று. எட்டு மாதம் ஒழுகிய கிரீஸைப் பற்றி ஒரு கேள்வியும் வராத இடத்தில், ஒழுகாமல் இருக்க எழுதிய நிபந்தனைக்கு விளக்கம் கேட்டார்கள். என் பதவி உயர்வு அதோடு நின்றது.

2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம், குறைந்த விலையை மட்டும் பார்ப்பதில் குறைபாடுகள் உண்டு என்று ஒப்புக்கொண்டு, கட்டுமானப் பணிகளிலும் சேவைகளிலும் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தர வழி செய்தது. பீப்பாயில் வாங்கும் எண்ணெய் சரக்கு. அந்த வாசல் அதற்குத் திறக்கவில்லை. ஆனால் கிலோக் கணக்கில் வாங்காமல், வார்த்த எஃகு டன்னுக்கு இவ்வளவு என்று மசகுப் பராமரிப்பையே ஒருவரிடம் ஒப்படைக்கும் முறை உண்டு. அப்போது ஒழுகினால் நஷ்டம் அவருக்கு. கிரீஸை அதிகம் விற்பதல்ல, குறைவாகச் செலவழிப்பதே அவருக்கு லாபம். என்னைக் கேட்டால், வாங்கும் பிரிவும் மாட்டும் பிரிவும் ஒரே கணக்கைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

விஜிலன்ஸுக்கு நான் எழுதிய விளக்கம் 11 பக்கம். கூடவே இரண்டு சிறு டப்பாக்களில் பழைய கிரீஸும், குழாயில் கலந்துபோன கிரீஸும் வைத்து அனுப்பினேன். புகார் மேல் நடவடிக்கை தேவையில்லை என்ற ஒரு வரிக் கடிதம், நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து மாதம் முன்பு வந்தது. டப்பாக்களை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை.