மாலை ஐந்து மணி எண்

மாலை மணி ஐந்து. புர்சா மலேசியாவில் அன்றைய பங்கு வணிகம் முடியும் நேரம். ஆறு மாதங்களாக எனக்கு அதுதான் தேர்வு முடிவு வெளியாகும் நேரம்.

கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு மறுநாள் எந்தப் புள்ளியில் முடியும் என்று கணினி வழி கணிப்பதே எனது இறுதியாண்டு ஆய்வு. நாட்டின் 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணக்கிடப்படும் எண் அது. தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த நாள் முதல் எனக்குக் கணக்கு பிடிக்கும். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் தடுமாறியபோது என்னைக் காப்பாற்றியதும் கணக்குதான். பல ஆண்டு எண்களைக் கணினிக்குக் கொடுத்தேன். 99 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம்! வரைபடத்தில் உண்மைக் கோடும் என் கோடும் ஒட்டிக்கொண்டே ஓடின.

பெருமையோடு அப்பாவிடம் காட்டினேன். லோரி ஓட்டி எங்களை வளர்த்தவர். அவருக்கு 55 வயது நிறைந்து, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும் நேரம். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீ சொல்லு ஐயா, கொஞ்சம் காசு எடுத்துப் போடுறேன். சாப்பாட்டுக் கடையில நம்பர் சொல்றவனை நம்புறதுக்கு, படிச்ச பிள்ளைய நம்பலாம்ல?" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கோடு உண்மைக் கோட்டுக்கு ஒரு நாள் பின்னால் வந்துகொண்டிருந்தது. 'நாளையும் இன்றைப் போலத்தான்' என்பதை மட்டுமே கணினி கற்றிருந்தது. குறியீடு 1,600 புள்ளியில் இருக்கும்போது 8 புள்ளி மாறினாலும் அது அரை விழுக்காடுதான். இன்றைய எண்ணையே நாளைக்கும் சொல்பவருக்குக் கூட 99 விழுக்காடு கிடைத்துவிடும்! ஏறுமா, இறங்குமா என்று மட்டும் சோதித்தேன். பாதி சரி, பாதி தவறு. காசைச் சுண்டிப் பார்த்தாலும் அதே கதிதான்.

2018 ஏப்ரல் 19-ஆம் நாள் 1,895.18 புள்ளியில் முடிந்த குறியீடு, 2020 மார்ச் 19-ஆம் நாள், கோவிட் பெருந்தொற்றின்போது, 1,219.72-க்கு விழுந்தது. 2022 நவம்பர் 24-ஆம் நாள் அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றபோது ஒரே நாளில் ஏறக்குறைய 4 விழுக்காடு ஏறியது. நாளை வரப்போகும் செய்தி நேற்றைய எண்களுக்குள் எப்படி இருக்கும்?

மறுநாள் காலை பசியாறும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"எனக்கும் தெரியலப்பா. அந்தப் படத்தை நம்பிப் போட வேண்டாம்."

"அப்ப ஆறு மாசம் உழைச்சது வீணா?"

"வீணில்லப்பா. தெரியாதுங்கிறதக் கண்டுபிடிக்கத்தான் ஆறு மாசம் ஆச்சு."

அப்பா சிரித்தார். "சரி, காசு அங்கேயே இருக்கட்டும்" என்று தேநீரைக் குடித்து முடித்தார்.

என் ஆய்வேட்டில் அந்த 99 விழுக்காட்டை எழுதினேன். அதன் பக்கத்திலேயே, கணினியே இல்லாமல் கிடைக்கும் 99-ஐயும் எழுதினேன். நண்பர்களே, நம்மைப் 'படித்த பிள்ளை' என்று நம்புபவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் 'தெரியாது' என்று சொல்லும் துணிவும் நம் படிப்பில் சேர்ந்ததுதான்.