எட்டுத் தேர் செய்யும் தச்சன்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்வோர் தொப்பூர்க் கணவாயை அறிவார்கள். தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே வளைந்து வளைந்து இறங்குகிறது. அவ்விறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரிகளைப் பற்றிய செய்தி நாளிதழ்களுக்குப் பழகிப்போன ஒன்று. முன்னே செல்லும் வண்டி சட்டென்று நின்றுவிட்டால், இருசக்கர வண்டிக்காரனுக்கு முதல் துணை முன் பிரேக்குதான். நிறுத்தும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. இறக்கத்தில் இன்னும் மிகுதியாகச் சாய்கிறது. ஆயினும் நம்மவர் பலர் முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று அஞ்சிக் காலையே நம்புகிறார்கள். மணலிலும் வளைவிலும் அந்த அச்சம் நியாயமானது. நேர்ச்சாலையில் அதுவே ஆபத்து.

என்னிடம் இருப்பது தந்தையார் விட்டுச்சென்ற புல்லட். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் அமைந்த பழைய வார்ப்பு. முன்சக்கரத்தில் ஆறு அங்குல டிரம். அதனுள்ளே இரண்டு ஷூக்கள், அவற்றை விரிக்க ஒரே கேம். சுழற்சியின் திசையில் விரியும் ஷூவை டிரம்மே இழுத்துத் தன்னோடு அழுத்திக்கொள்கிறது; மற்றதை விலக்கித் தள்ளுகிறது. ஒன்று உழைக்க, மற்றொன்று பெயருக்கு நிற்கிறது.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. பழைய வண்டிகளை அவ்விதி கட்டுப்படுத்தாது. ஆனால் சாலை இருவர்க்கும் ஒன்றே. என் மகள் பின்னிருக்கையில் அமர்ந்து வரத் தொடங்கியபின் இதை வெறும் விதியாக எண்ண முடியவில்லை.

"அப்பா ஓட்டின வண்டிடா, அப்படியே இருக்கட்டும்" என்றார் அம்மா. டிஸ்க் பொருத்த வேண்டுமானால் ஃபோர்க்கின் கால் தொடங்கிக் கைப்பிடி நெம்புகோல்வரை மாற வேண்டும். வண்டியின் முகமே வேறாகிவிடும். ஆகவே ஏழு அங்குல ட்வின் லீடிங் ஷூவைத் தேர்ந்தேன். பிற்காலப் புல்லட்களில் தொழிற்சாலையே பொருத்திய அமைப்பு அது. கேம் இரண்டு, முன்னோக்கிச் செல்கையில் இரு ஷூக்களும் இழுபட்டு அழுந்தும். பொருத்துவது எளிது. இரு கேம்களையும் இணைக்கும் கம்பியைத் திருகி, இரண்டு ஷூக்களும் ஒரே கணத்தில் டிரம்மைத் தொடச் செய்வதே வேலை. மெக்கானிக் அதற்கு அரை நாள் எடுத்துக்கொண்டார்.

அருகே நின்ற எனக்குப் புறநானூற்றின் 87ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. இந்தத் தகடூரை ஆண்ட அதியமானின் ஆற்றலைச் சொல்ல ஔவையார் தேடிய உவமை வாள் அன்று, யானையும் அன்று. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரம். வேகம் கைவந்தவன் ஓரிடத்தில் நிதானிக்கிறான். வலிமை அந்த நிதானத்தில் பிறக்கிறது.

புதிய அமைப்புக்கும் குறையுண்டு. ஏற்றத்தில் நிற்கும் வண்டி பின்னோக்கி நழுவினால் இரு ஷூக்களும் விலகித் தள்ளப்படும், பிடி தளரும். அப்போது இடக்காலின் பின் பிரேக்குதான் கைகொடுக்கிறது. பழைய சக்கரத்தை அம்மா துடைத்துப் பரணில் வைத்திருக்கிறார்.