அன்ரியின் கடிதமும் இரண்டு விசைகளும்

2004ஆம் ஆண்டு எனக்குப் பதினான்கு வயது. தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு ஹோலில் ஒரே ஒரு கொம்பியூட்டர் இருந்தது. எங்கள் தெருவில் இருந்த அன்ரிமாருக்கும் மாமாமாருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. கவுன்சிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஹோம் ஒஃபிஸுக்கு. அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். உங்களில் சிலரும் வீட்டில் இதைச் செய்வீர்கள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு அன்ரி வந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். ஊரில் தனக்கு நடந்ததை மெல்லிய குரலில் சொன்னார். "தம்பி, இது வேற ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றார்.

அவர் போனபோது கடிதம் பாதியில் நின்றது. அம்மா பால் வாங்கி வரச் சொன்னார். ஐந்து நிமிட வேலை. திறந்து வைத்த எல்லாவற்றையும் மூடப் பஞ்சிப்பட்டு, திரையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால், அப்பாவைப் பார்க்க வந்த ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவென்று கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். திரையில் அன்ரியின் கடிதம்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேர் அன்ரியிடம் அதைப் பற்றி விசாரித்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவுமில்லை. அந்தக் கடிதத்தை யார் எழுதி முடித்தார்களோ!

எங்களிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். 2001இல் எக்ஸ்பி வந்தபோதே அந்த வசதி இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

சைன் அவுட் செய்தால் திறந்திருப்பதெல்லாம் மூடிவிடும். பூட்டினால் எதுவும் மூடாது. பாஸ்வேர்டைக் கொடுத்ததும், பாதியில் விட்ட வசனத்திலிருந்தே தொடரலாம். மக் கணினியில் கொன்ட்ரோல், கொமாண்ட், 'கியூ' மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். பள்ளிக்கூடத்துக் குரோம்புக்கில் தேடல் விசையும் 'எல்'லும். ஆனால் பாஸ்வேர்ட் இல்லாத கொம்பியூட்டரைப் பூட்டிப் பயனில்லை. திறப்பைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போவது போலத்தான்.

இப்போது நான் ஐடி ஆலோசகர். என் திரையில் எப்போதும் வேறு யாருடையவோ விவரங்கள் இருக்கும். தேத்தண்ணி ஊற்ற எழும்பினாலும் கை தானாக அந்த இரண்டு விசைகளுக்குப் போகும். வீட்டில் மனைவி மட்டும் இருக்கும்போதும் பூட்டுவேன். அவர் சிரிப்பார்.

அம்மம்மாவின் ஆஸ்பத்திரிக் கடிதத்தையோ மாமாவின் வங்கிக் கணக்கையோ உங்களை நம்பித்தான் உங்கள் திரையில் திறக்க விடுகிறார்கள். கதிரையை விட்டு எழும்ப முதல் பூட்டிவிடுங்கள். ஒரு விநாடி போதும்.